பொருந்தாத பவர் சப்ளை: பழைய கொம்பியூட்டரை அப்கிரேட் பண்ணப் போய் நாங்கள் படிச்ச வரலாறு

திருநெல்வேலியில எங்கட போர்டிங் அறையில ஒரு கொம்பியூட்டர் இருக்கு. மூன்று பேருக்கு ஒண்டு. 2021இல் கொரோனா முடக்கத்துக்குள்ள ஏ.எல். வகுப்பெல்லாம் சூமுக்குப் போன நேரம், எங்களில் ஒருத்தரின்ட வீட்டில கடன்பட்டு வாங்கின செகண்ட் ஹேண்ட் பெட்டி. வெளிநாட்டில எங்கயோ ஒரு ஒபிசில பாவிச்சுக் கழிச்சு, கொழும்புக்கு வந்து, அங்கயிருந்து யாழ்ப்பாணம் வந்தது. உள்ளுக்குள்ள 2011இல் வெளிவந்த இன்டெல் ஐ5-2400 ப்ரொசசர், 4 ஜிபி றாம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். தனியா கிராஃபிக்ஸ் கார்ட் இல்லை. பகலில அசைன்மென்ட், இரவில கேம்.

கேம் எண்டா பெரிசா ஒண்டும் இல்லை. கவுண்டர் ஸ்ட்ரைக் குளோபல் ஒஃபென்சிவ். 2012இல் வந்த கேம் அது. எல்லா செட்டிங்கையும் ஆகக் கீழ இறக்கிவிட்டா எங்கட பெட்டியிலயும் ஓடும். எங்களோட பள்ளிக்கூடத்தில படிச்ச ஒருத்தன் 2022இல் கனடா போயிட்டான். அந்த வருஷம் எத்தினை பேர் போனவை எண்டு உங்களுக்கே தெரியும். அவனுக்கு அங்க சனிக்கிழமை காலமை, எங்களுக்கு இரவு. அந்த ரெண்டு மணித்தியாலம்தான் நாங்கள் நாலு பேரும் முந்தி மாதிரிக் கதைக்கிறது. சும்மா கோல் எடுத்தா "சாப்பிட்டியா, குளிரா" எண்டதோட முடிஞ்சிடும். கேமுக்குள்ள மட்டும்தான் அவன் பழையபடி எங்களைப் பேசுவான்.

2023 செப்டெம்பர் 27ஆம் திகதி கவுண்டர் ஸ்ட்ரைக் 2 வந்தது. பழைய கேமின்ட இடத்திலயே புதுசு வந்து குந்திக்கொண்டது. எங்கட பெட்டியில அது திறக்கவே இல்லை. ப்ரொசசருக்குள்ளயே இருக்கிற எச்டி 2000 கிராஃபிக்ஸ் டைரக்ட்எக்ஸ் 10.1 வரைக்கும்தான் விளங்கும். புதுக் கேமுக்கு 11 வேணும். மெதுவா ஓடுறது வேற, ஓடவே மாட்டன் எண்டுறது வேற.

புதுசா ஒரு கேமிங் பிசி எண்டா லட்சக்கணக்கு. அது எங்களுக்குக் கதைக்கிறதுக்கு மட்டும். மஹாபொலவில மிச்சம் பிடிச்சது, ரியூஷன் குடுத்த காசு எல்லாம் சேர்த்து 2024இல் கையில வந்தது 45,000 ரூபாய். யூடியூப்பில பார்த்த திட்டத்தின்படி, முதல்ல ஒரு பெரிய பவர் சப்ளை வாங்கினம். பிறகு பழைய ஆர்எக்ஸ் 580 கார்ட் ஒண்டு தேடுறது எண்டு முடிவு. 6,000 ரூபாய் குடுத்து வாங்கின சப்ளையைக் கொண்டுவந்து பெட்டியைத் திறந்தா, அது உள்ளுக்கே போகேல்ல. எங்கடது ஒபிசுக்கெண்டு செய்த ஒடுக்கமான பெட்டி. அதின்ட சப்ளை வேற வடிவம், வேற அளவு, ஆணி பூட்டுற ஓட்டையும் வேற இடத்தில. அளந்து பாக்காமல் போனது எங்கட மடத்தனம்தான். கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டன் எண்டிட்டார். "தம்பியவை, இது கொம்பனிப் பெட்டி. அவங்கட சாமான் மட்டும்தான் இதுக்குப் போகும்" எண்டார்.

அண்டைக்கு இரவு எங்களுக்கு ஒரு கேள்வி வந்தது. றாம் ஒரு கொம்பனி, ஹார்ட் டிஸ்க் இன்னொரு கொம்பனி, கீபோர்ட் வேற ஏதோ ஒரு கொம்பனி. ஒருத்தரை ஒருத்தர் தெரியாத இந்தச் சாமான்கள் எல்லாம் ஒண்டோட ஒண்டு பொருந்துது. பவர் சப்ளை மட்டும் ஏன் பொருந்தேல்ல? எது பொருந்தும், எது பொருந்தாது எண்டதை ஆர் தீர்மானிச்சது? கலைப்பீடப் பிள்ளைகள் எண்டபடியா, ஸ்க்ரூ ட்ரைவரை வைச்சிட்டு வரலாற்றைத் தேடத் தொடங்கினம்.

அவசரத்தில திறந்த கதவு

கொம்பியூட்டரைத் திறந்து கார்ட் செருகலாம் என்ற யோசனை ஐ.பி.எம்.முக்கு முந்தியது. 1977இல் வந்த அப்பிள் 2இல் எட்டு ஸ்லொட்கள் இருந்தன. ஸ்டீவ் ஜொப்ஸுக்கு இரண்டு போதும் என்றிருந்தது. எட்டு வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் ஸ்டீவ் வொஸ்னியாக். ஆனால் இன்றைக்கு எங்கட மேசையில் இருக்கிற பெட்டியின் நேரடி மூதாதை, 1981 ஆகஸ்ட் 12ஆம் திகதி வெளிவந்த ஐ.பி.எம். பிசி.

ஐ.பி.எம். அப்போது உலகத்தின் மிகப்பெரிய கொம்பியூட்டர் கொம்பனி. எல்லாச் சாமானையும் தானே செய்து பழகின கொம்பனி. ஆனால் சிறிய கொம்பியூட்டர் சந்தையில் அது பிந்திவிட்டது. புளோரிடாவின் போகா ரேட்டனில் இருந்த ஒரு சிறிய குழுவிடம் ஏறக்குறைய ஒரு வருடத்துக்குள் ஒரு இயந்திரம் செய்யச் சொன்னார்கள். டொன் எஸ்ட்ரிட்ஜ் அந்தக் குழுவின் தலைவர். ஒரு வருடத்தில் எல்லாவற்றையும் தாங்களே செய்ய முடியாது. ஆகவே கடையில் கிடைக்கிற சாமான்களை வாங்கிப் பூட்டினார்கள். ப்ரொசசர் இன்டெலின் 8088, இயங்குதளம் மைக்ரோசொஃப்டிடம் இருந்து. மதர்போர்டில் ஐந்து ஸ்லொட். எந்தக் கொம்பனியும் இந்த ஸ்லொட்டுக்கு கார்ட் செய்யலாம் என்பதற்காக, சுற்றுப்படங்களோடு ஒரு தொழில்நுட்பக் கைநூலையும் விற்றார்கள்.

இது தாராள மனசால் வந்த திறப்பு இல்லை. அவசரத்தால் வந்தது. மற்றவர்கள் கார்ட் செய்தால் தங்கட பெட்டி கூட விற்கும் என்ற வியாபாரக் கணக்கால் வந்தது. எங்களுக்கு இந்த விசயம் முக்கியமாகப் பட்டது. நாங்கள் ஏதோ இயற்கை விதி மாதிரி நினைக்கிற 'பாட்ஸ் மாத்தலாம்' என்ற வசதி, ஒரு கொம்பனி நேரமில்லாமல் எடுத்த முடிவில் தொடங்கியது.

ஒரு பூட்டை மட்டும் ஐ.பி.எம். தன்னிடம் வைத்திருந்தது. அதுதான் பயோஸ்: சுவிட்சைப் போட்டவுடன் இயந்திரத்தை எழுப்புகிற சிறிய ப்ரோகிராம். அது ஐ.பி.எம்.மின் பதிப்புரிமை. பார்த்து எழுதினால் வழக்கு வரும். 1982இல் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸில் இருந்து விலகிய மூன்று பேர் தொடங்கிய கொம்பக் என்ற கொம்பனி இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது. ஒரு குழு ஐ.பி.எம்.மின் பயோஸைப் படித்து, அது என்ன செய்கிறது என்பதை மட்டும் எழுதிக் கொடுத்தது. அந்த மூலத்தைக் கண்ணாலும் காணாத இன்னொரு குழு, அந்தக் குறிப்பை மட்டும் வைத்து அதே வேலை செய்கிற புதிய பயோஸை எழுதியது. நகல் எடுக்கவில்லை, ஆனால் வேலை ஒன்றுதான். 1983இல் கொம்பக் விற்பனைக்கு வந்தது. முதல் வருடத்திலேயே 11 கோடி டொலருக்கு மேல் விற்றது. 1984இல் ஃபீனிக்ஸ் என்ற கொம்பனி இதே மாதிரி எழுதின பயோஸை ஆர் கேட்டாலும் விற்கத் தொடங்கியது. அதற்குப் பிறகு, 'பிசி' என்பது ஒரு கொம்பனியின் சாமானாக இல்லாமல் போய்விட்டது.

திரும்பப் பூட்டப் பார்த்தவர்கள்

திறந்த கதவு அப்படியே திறந்து கிடக்கவில்லை. 1984இல் வந்த அப்பிளின் மெக்கின்டொஷில் ஸ்லொட் ஒன்றும் இல்லை. 128 கிலோபைட் றாம், போர்டில் ஒட்டப்பட்டது. பெட்டியைத் திறக்கவே வீட்டில் இல்லாத ஒரு நீண்ட ஸ்க்ரூ ட்ரைவர் தேவைப்பட்டது.

1987 ஏப்ரலில் ஐ.பி.எம்.மே தன் கதவைச் சாத்தப் பார்த்தது. பிஎஸ்/2 என்ற புது வரிசையில், மைக்ரோ சனல் என்ற புது ஸ்லொட். தொழில்நுட்பத்தில் நல்லதுதான். ஆனால் பழைய கார்ட் ஒன்றும் அதில் போகாது. அதே மாதிரிச் செய்ய விரும்புகிறவர்கள் ஐ.பி.எம்.முக்குக் காசு கட்ட வேண்டும். 1988இல் கொம்பக் உட்பட ஒன்பது கொம்பனிகள் சேர்ந்து, பழைய கார்ட்களும் போகக்கூடிய ஈ.ஐ.எஸ்.ஏ. என்ற தங்கட ஸ்லொட்டை அறிவித்தார்கள். அந்த ஸ்லொட்டும் வீடுகளுக்குப் பெரிதாக வரவில்லை. ஆனாலும் ஒரு கொம்பனி தனியாக நின்று எல்லாருக்கும் அளவு சொல்லுகிற காலம் அதோடு முடிந்தது. பிஎஸ்/2இல் இருந்து எங்களுக்கு மிஞ்சியவை இரண்டு: கீபோர்டும் மௌஸும் செருகுகிற அந்த வட்டமான பிஎஸ்/2 ஓட்டை; விரிவுரை மண்டபத்தில் ப்ரொஜெக்டருக்குச் செருகுகிற, எப்பவும் ஆடிக்கொண்டிருக்கிற விஜிஏ.

இந்தச் சண்டைகளுக்குப் பிறகுதான் பொது அளவுகள் நிலைத்தன. 1995இல் இன்டெல் ஏடிஎக்ஸ் என்ற அளவை வெளியிட்டது. மதர்போர்ட் எவ்வளவு பெரிசு, ஆணி எங்கே, பவர் சப்ளை எந்த வடிவம் என்று எல்லாம் அதில் இருக்கிறது. நாங்கள் 6,000 ரூபாய் குடுத்து வாங்கின சப்ளை அந்த அளவில் செய்ததுதான். பிழை சப்ளையில் இல்லை. எங்கட பெட்டியைச் செய்த கொம்பனிதான் பொது அளவை விட்டுத் தன்ட அளவில் செய்திருக்கிறது. பெட்டி சின்னனாக இருக்க வேண்டும் எண்டது நியாயமான காரணம்தான். ஆனால் அதின்ட விலையை, பத்து வருஷத்துக்குப் பிறகு, வேறொரு நாட்டில இருந்து நாங்கள் கட்டுறம்.

கேம் விளையாடினவர்கள் செய்த வரலாறு

1990களில் இந்த ஸ்லொட்களுக்கு உயிர் கொடுத்தவர்கள் பெரும்பாலும் கேமர்கள்தான். 1993 டிசம்பரில் டூம், 1996இல் க்வேக். டைப் அடிக்கவும் கணக்குப் பார்க்கவும் வாங்கின பெட்டிகள் இதற்குத் திணறின. அதே 1996இல் த்ரீடிஎஃப்எக்ஸ் என்ற சிறிய கொம்பனி வூடூ என்ற கார்டை விட்டது. ஏற்கெனவே இருக்கிற கார்டைக் கழற்றத் தேவையில்லை; அதற்குப் பக்கத்தில் இதைச் செருகி, ஒரு வயரால் இரண்டையும் இணைத்தால் சரி. மெமரி விலை அந்த நேரம் சடாரென்று விழுந்தபடியால்தான் இப்படியொரு கார்டை வீட்டுக்காரர் வாங்கக்கூடிய விலையில் செய்ய முடிந்தது. முழுக் கொம்பியூட்டரையும் மாற்றாமல், ஒரு கார்டால் மட்டும் ஒரு பழைய இயந்திரம் புது இயந்திரமானதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

அடுத்தது 1998 ஆகஸ்ட். இன்டெல், காசு குறைந்தவர்களுக்கென்று செலெரொன் 300ஏ என்ற ப்ரொசசரை 149 டொலருக்கு விட்டது. பாவித்தவர்கள் ஒரு விசயத்தைக் கண்டுபிடித்தார்கள். மதர்போர்டின் வேகத்தை 66இல் இருந்து 100 மெகாஹேர்ட்ஸுக்கு உயர்த்தினால், 300இல் ஓட வேண்டிய அந்த ப்ரொசசர் அனேகமாகப் பிரச்சினை இல்லாமல் 450இல் ஓடியது. பல மடங்கு விலைக்கு விற்ற பென்டியம் 2 450க்குக் கிட்டவாக அது நின்றது. ஓவர்குளொக்கிங் முந்தியும் இருந்தது. ஆனால் மாணவர்களின் மேசைக்கு அதைக் கொண்டுவந்ததில் இந்தச் சின்னச் செலெரொனுக்குப் பெரிய பங்கு. எங்கட 45,000 ரூபாயை டொலர் 300 ரூபாய்ப்படி மாத்தினால் 150 வரும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திட்டு நாங்கள் கொஞ்ச நேரம் கதைக்கேல்ல.

கொம்பனியும் பாடம் படித்தது. 2011இல் எங்கட ஐ5-2400 வந்த தலைமுறையில், பெயருக்குப் பின்னால் 'கே' எழுத்து உள்ள ப்ரொசசர்களை மட்டும்தான் ஒழுங்காக ஓவர்குளொக் பண்ணலாம். அதற்குக் கூடக் காசு. எங்கடதுக்கு 'கே' இல்லை. 1998இல் பாவனையாளர் கண்டுபிடித்த வழி, 13 வருடத்தில் விற்பனைச் சாமானாகிவிட்டது.

ஆனால் பாவனையாளர் சத்தம் போட்டு வென்ற கதையும் இருக்கு. ஏஎம்டி கொம்பனியின் ஏஎம்4 சொக்கெட் 2016இல் வந்தது. 2020 மே மாதம் ஏஎம்டி, அடுத்துவரும் ப்ரொசசர்கள் பி450 போன்ற போர்ட்களில் வேலை செய்யாது என்று சொன்னது. பயோஸ் சிப்பில் இடம் காணாது என்பது ஒரு காரணம். பின்னுக்கு மாற்றலாம் என்று நம்பி அந்தப் போர்ட்டை வாங்கினவர்கள் விடவில்லை. சில நாட்களிலேயே ஏஎம்டி முடிவை மாற்றியது. 2022இல் இன்னும் பழைய போர்ட்களுக்கும் அந்த வழி திறந்தது. பக்கத்து அறையில இருக்கிற ஒருத்தர் இண்டைக்கும் அந்தப் பலனில்தான் விளையாடுறார்.

எங்கட கைக்கு வந்தது

இதுவரைக்கும் சொன்னது எல்லாம் அமெரிக்கக் கதை. எங்களிடம் அது எப்படி வந்து சேர்ந்தது?

2022 மார்ச்சில் மத்திய வங்கி ரூபாயை விட்டபோது, டொலர் 200 ரூபாயளவில் இருந்து சில வாரங்களில் 300ஐத் தாண்டியது. அந்த மாதக் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டு. கொம்பியூட்டர் சாமான் எல்லாம் இறக்குமதி. எங்கட வீட்டுக்காரரின்ட சம்பளம் ரூபாயில. அமெரிக்காவில விலை மாறாமல் இருந்தாலும் எங்களுக்கு அது ஒண்டரை மடங்குக்கு மேல போச்சுது.

அதே வருஷம் செப்டெம்பர் 15ஆம் திகதி ஈதேரியம் என்ற கிரிப்டோ நாணயம் தன்ட முறையை மாத்தியது. அதுவரைக்கும் அந்த நாணயத்தைத் தோண்டுறதுக்கெண்டே உலகம் முழுக்கக் கிராஃபிக்ஸ் கார்ட்களை வாங்கிக் குவிச்சு, கேமர்களுக்குக் கிடைக்காமல் பண்ணியிருந்தவை. ஒரே நாளில அந்தக் கார்ட்களுக்கு அந்த வேலை இல்லாமல் போச்சுது. அவை செகண்ட் ஹேண்ட் சந்தைக்கு வந்தன. நாங்கள் தேடின ஆர்எக்ஸ் 580உம் அப்படித் தோண்டுறவை விரும்பி வாங்கின கார்ட்தான். எங்களைப் போல ஆக்கள் எப்பவும் மற்றவையின்ட கழிவில இருந்துதான் தொடங்குறம். அதை வெக்கமாச் சொல்லேல்ல. 90களில பொருளாதாரத் தடைக்குள்ள, கரண்டும் பற்றரியும் இல்லாமல், சைக்கிள் டைனமோவை மிதிச்சு ரேடியோ கேட்ட சனத்தின்ட பிள்ளைகள் நாங்கள். டைனமோ தாற கரண்ட் ரேடியோவுக்குப் பொருந்தினபடியாத்தான் அவைக்குச் செய்தி கேட்டது. பொருந்துதோ எண்டு பாக்கிற பழக்கம் வீட்டில இருந்தே வந்திருக்க வேணும். அதை மறந்துதான் 6,000 ரூபாயை விட்டம்.

மிச்சம் 39,000. இந்த முறை அளந்திட்டுப் போனம். 240 ஜிபி எஸ்எஸ்டி 8,000. 8 ஜிபி டிடிஆர்3 றாம் 4,000. ஏற்கெனவே இருந்ததோட சேர்த்து 12 ஜிபி. கார்டுக்கு ஆர்எக்ஸ் 580ஐக் கைவிட்டம். ஒடுக்கப் பெட்டிக்குள்ள போற அரை உயர ஜிடிஎக்ஸ் 1050 டிஐ ஒண்டு 26,000க்குக் கிடைச்சது. 2016இல் வந்த கார்ட். அது 75 வாட்டுக்குள்ள ஓடும்; ஸ்லொட்டில இருந்தே கரண்ட் எடுக்கும், வேற வயர் தேவையில்லை. எங்கட பழைய சப்ளையே போதும். ப்ரொசசரை ஐ7-2600க்கு மாத்த ஆசை இருந்தது. அதே சொக்கெட், அதே 95 வாட், கட்டாயம் பொருந்தும். காசு முடிஞ்சுது. கையில 1,000 ரூபாய்; கொத்துரொட்டி வாங்கினம்.

2016இன் கார்ட் 2011இன் ஸ்லொட்டில சத்தமில்லாமல் போய் இருந்தது. அந்த ஸ்லொட்டுக்குப் பெயர் பிசிஐ எக்ஸ்பிரஸ். புதுத் தலைமுறைக் கார்ட் பழைய தலைமுறை ஸ்லொட்டிலயும் வேலை செய்ய வேணும் எண்டு பல கொம்பனிகள் சேர்ந்து எழுதின விதி அது. அந்த 'கிளிக்' சத்தத்துக்குப் பின்னால 1988இன் ஒன்பது கொம்பனிச் சண்டையும் இருக்கு எண்டு இப்ப எங்களுக்குத் தெரியும்.

முடிவில்லாத அப்கிரேட் இல்லை

இதைப் படிச்சிட்டு 'பழசே போதும்' எண்டு நாங்கள் சொல்லுறதா நினைக்க வேண்டாம். எங்கட ப்ரொசசருக்கு ஏவிஎக்ஸ்2 எண்ட கட்டளைத் தொகுதி தெரியாது. அது கேட்கிற புதுக் கேம்கள் எங்களுக்கு இல்லை. விண்டோஸ் 11 எங்கட ப்ரொசசரை ஏற்காது. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஓட முடிஞ்சுது. இயந்திரம் பழுதாகேல்ல, ஆனா பழசு எண்டு தீர்ப்பு வந்திட்டுது. இப்ப லினக்ஸ் போட்டுப் பாக்கிறம். கவுண்டர் ஸ்ட்ரைக் 2 அதிலயும் ஓடுது.

இன்னொரு பக்கம், இப்ப வாற மெல்லிசான லப்டொப் பலதில றாம் போர்டிலயே ஒட்டித்தான் வருது. 1984இன் மெக்கின்டொஷ் மாதிரி. வாங்குற நாளில எவ்வளவோ, சாகிற நாளிலயும் அவ்வளவுதான். காசுள்ளவைக்கு அது பிரச்சினை இல்லை, புதுசு வாங்குவினம். ஒரேயடியா ரெண்டு லட்சம் எடுக்க ஏலாத, ஆனா ஆறு மாசத்துக்கு ஒருக்கா 8,000 எடுக்கக்கூடிய ஆக்களுக்குத்தான் ஸ்லொட் தேவை.

அதால, தம்பி தங்கச்சிக்கு கொம்பியூட்டர் வாங்கப் போற ஆரும் இதை வாசிச்சா ஒரு வேண்டுகோள். எவ்வளவு வேகம் எண்டு கேக்க முதல், பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கோ. றாமுக்கு இன்னொரு இடம் இருக்கா, சப்ளை பொது அளவா, கார்டுக்கு ஸ்லொட்டும் இடமும் இருக்கா எண்டு பாருங்கோ. கடைக்காரர் சிரிச்சாலும் பரவாயில்லை, அளவு நாடாவும் கொண்டுபோங்கோ.

கார்ட் பூட்டின முதல் சனிக்கிழமை, கனடாக்காரன் எங்களை விட்டுப் பத்து நிமிஷம் பேசினான், இவ்வளவு நாளா எங்கயடா போனனீங்கள் எண்டு. பிறகு விளையாடினம். தோத்தம்.

அந்தப் பவர் சப்ளை இப்பவும் கட்டிலுக்குக் கீழ கிடக்கு. விக்கேல்ல. அது ஏடிஎக்ஸ் அளவு. அடுத்த பெட்டிக்குப் பொருந்தும்.